அப்பா விசாரித்த கல்லூரிகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் நான் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "நாங்க என்னத்தக் கண்டோம் டீச்சர், நீங்களே பாத்து எதுலயாவது சேத்து விட்டுருங்க." சொல்கிறவர் சில நேரம் பீடி சுற்றுகிற அம்மாவாக இருப்பார். சில நேரம் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய், கூட்டத்துக்காகவே பஸ் ஏறி வந்த அப்பாவாக இருப்பார். என் மேல் அவர்கள் வைக்கிற நம்பிக்கை பெரிது. ஆனாலும் அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. என்னைக் கல்லூரிக்குத் தயார் செய்த இரண்டு பேருமே கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்.

அப்பா எஸ்.எஸ்.எல்.சி., அம்மா ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு அரசுப் பேருந்தில் கண்டக்டர் வேலை. 1997-இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று பொதுவாக எழுதிய பிறகும் எங்கள் பக்கத்தில் அதற்குக் கட்டபொம்மன் பஸ் என்றுதான் பேர். தென்காசியில் கிளம்பி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், சீதபற்பநல்லூர், பழையபேட்டை வழியாகத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய்த் திரும்புகிற தடம் அவருடையது. காலை டிரிப்பில் பாதிக் கூட்டம் கல்லூரிப் பிள்ளைகள். ராணி அண்ணா கல்லூரிப் பெண்கள், பேட்டை இந்துக் கல்லூரிப் பையன்கள், ஜங்ஷனில் இறங்கிப் பாளையங்கோட்டைக்கு வேறு பஸ் பிடிக்கிற சேவியர் கல்லூரி, ஜான்ஸ் கல்லூரி மாணவர்கள். தென்காசிக்குத் திரும்பும் டிரிப்பில் குற்றாலம் பராசக்தி கல்லூரிக்குப் போகிறவர்கள்.

நான் பிளஸ் ஒன் சேர்ந்த ஆண்டிலிருந்து அப்பா அந்தப் பிள்ளைகளிடம் விசாரிக்க ஆரம்பித்தார். ஆலங்குளத்தில் ஏறிய கூட்டத்துக்கு டிக்கெட் போட்டு முடித்தால் அடுத்த நெரிசல் வரை கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்பார். என்ன படிக்கிறாய்? வாத்தியார் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறாரா? லேபைத் திறந்து விடுகிறார்களா, பூட்டியே கிடக்கிறதா? தமிழில் படித்து வந்தவர்கள் முதல் வருஷம் என்ன பாடுபட்டார்கள்? லைப்ரரியில் புத்தகத்தை வீட்டுக்குத் தருவார்களா? போன வருஷம் முடித்துப் போன அக்காமார் இப்போது என்ன செய்கிறார்கள்? எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பார்: "இதுல வந்து சேந்தமேன்னு என்னைக்காவது வருத்தப்பட்டிருக்கியாம்மா?"

பதிலைத் தொழிற்சங்கம் கொடுக்கிற பாக்கெட் டைரியில் எழுதி வைப்பார். ராத்திரி பைக்கணக்கு ஒப்படைத்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு வாசித்துக் காட்டுவார். கெமிஸ்ட்ரி என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே லேப் கோட் வாங்கவேண்டும், ரெக்கார்டு எழுதவே நேரம் போகிறது என்று இருக்கும். கணக்கு என்று போட்டு, இங்கிலீஷ் கஷ்டம், கிறிஸ்துமஸ் லீவுக்குள் பழகிவிடும் என்று இருக்கும். ஒருவர் சொன்னதை அப்பா அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். அதே கேள்வியை வேறொரு நாள் வேறொரு பிள்ளையிடம் கேட்பார். அதிலும் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளைத்தான் தேடிப் பிடிப்பார். "முதல் வருசத்துக்காரனுக்கு எல்லாம் புதுசா இருக்கும். மூணாவது வருசத்துக்காரன் போற அவசரத்துல இருப்பான். நடுவுல இருக்கவன்தான் உள்ளதச் சொல்லுவான்" என்பது அவர் கணக்கு. நான் இத்தனை ஆண்டு ஆசிரியராக இருந்து பார்த்ததில் அந்தக் கணக்கு தப்பவில்லை. நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று நாற்சந்தியில் பேனர் கட்டியிருக்கும் கல்லூரியைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்றைக்கும் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளையைவிட நல்ல ஆள் கிடையாது.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பதும் பஸ்ஸில் கேட்டு முடிவானதுதான். தினமும் அவர் வண்டியில் வேலைக்குப் போகிற ஆசிரியர் ஒருவர், கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும், பாரம் மட்டும் கூடுதல் என்று சொல்லியிருக்கிறார். பாரத்தையும் கதவையும் இரண்டையும் அப்பா என்னிடம் சொன்னார். பத்தாம் வகுப்பு முடிந்த பதினைந்து வயதில் இந்த முடிவு வருகிறது. கணக்கை விட்டால் பொறியியல் போய்விடும், உயிரியலை விட்டால் மருத்துவம் போய்விடும் என்று அந்த வயதுப் பிள்ளைக்கு யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். கல்லூரிக்கான தயாரிப்பு பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தொடங்குகிறது என்று நினைக்கிற பெற்றோருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்கிறேன்.

அம்மாவின் பங்கு வேறு மாதிரி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். காலையில் கடையில் போட வேண்டிய ஆயிரத்தில் மிச்சம் எத்தனையோ அதைச் சுற்றி முடிக்க வேண்டும். படி படி என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் தமிழ் வழியில் படித்ததால் என் புத்தகத்தை அவளால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. ஒரு மதிப்பெண் கேள்விகளை அவள்தான் கேட்பாள். கை இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும், கண் தரையில் விரித்து வைத்த புத்தகத்தில் இருக்கும்.

ஒருநாள் விலங்கியலில் கணையம் வந்தது. லாங்கர்ஹான் திட்டுகள், பீட்டா செல்கள், இன்சுலின் என்று நான் கடகடவென்று ஒப்பித்தேன். அம்மா நூலைக் கட்டாமல் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, நம்ம ஆச்சி ஊசி போட்டுக்கிடுதாவளே, அது இதுதானா?" ஆமாம் என்றேன். "அப்ப வயித்துக்குள்ள கெடக்கது ரத்தத்துக்கு எப்படிப் போவுது? குழா இருக்கா?" புத்தகத்தில் நாளமில்லாச் சுரப்பி என்று எழுதியிருந்ததை நான் மனப்பாடமாகச் சொல்லியிருந்தேன். நாளம் இல்லையென்றால் பிறகு எப்படிப் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் விலங்கியல் டீச்சரிடம் கேட்டேன். குழாய் கிடையாது, அந்தத் திட்டுகளைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழல்கள் ஓடுகின்றன, சுரப்பது நேராக அதில் கலக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். ராத்திரி அதே படத்தை அம்மாவுக்கு நான் போட்டுக் காட்டினேன். பிறகு அவள் தினமும் இப்படி ஏதாவது கேட்பாள், நான் பதில் தேடுவேன். கல்லூரியில் சேர்ந்த பின் என்னோடு படித்த பலர் தடுமாறிய இடம் இதுதான். ஏன், எப்படி என்று கேட்டால் பதில் சொல்லப் பழகியிருக்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவள் அம்மா. பாடம் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல படிப்பு முறையை நான் இன்றுவரை கண்டதில்லை. பிள்ளையின் புத்தகத்தை வாசிக்கத் தெரியாத தாய்கூட, இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு என்று கேட்கலாம்.

இன்னொரு விஷயத்தில் அவள் கண்டிப்பு. பத்தரை மணிக்கு விளக்கை அணைத்துவிடுவாள். பரீட்சை நாளானாலும் அதேதான். பக்கத்து வீட்டுப் பையன் விடிய விடியப் படிக்கிறான் என்று நான் சொன்னால், "அவன் படிக்கட்டும், நீ தூங்கு" என்று முடித்துவிடுவாள்.

சான்றிதழ் வேலையெல்லாம் அம்மா தலையில்தான் விழுந்தது. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். அன்றைக்கு எல்லாம் கையால் எழுதிக் கொடுத்து வாங்குவது. கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், அதற்கும் மேலே தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். கடையில் இலை கொடுக்காத நாட்களில் அவள் இதற்குக் கிளம்பிவிடுவாள். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் ரேஷன் கார்டில் வேறு விதமாகவும் இருப்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். இன்ஷியலிலும் ஓர் எழுத்துக் குழப்பம். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைந்தாள். பொங்கலுக்கு முன்னால் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. மே மாதம் ரிசல்ட் வந்து ஊரே தாலுகா அலுவலகத்தில் நின்றபோது எங்கள் வீட்டில் எல்லாச் சான்றிதழும் ஜெராக்ஸ் எடுத்து, அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் பச்சை மையில் கையெழுத்தும் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் தயாராக இருந்தது.

அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தது. பீடித் தொழிலாளர் நலனுக்காக 1976-இல் நாடாளுமன்றம் ஒரு நல நிதிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நிதியிலிருந்து அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும். அட்டை எல்லா வீட்டிலும் பரணில் கிடந்தது. அதைக் காட்டி உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று தெரிந்த வீடுகள் குறைவு. அம்மா கடைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் கேட்டு, முன்பே வாங்கிய ஒருத்தியைக் கண்டுபிடித்து, அவள் வீட்டிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பி வந்தாள். கல்லூரி மூன்று வருஷமும் என் புத்தகச் செலவு அதில்தான் ஓடியது.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் சம்பளச் சீட்டை என் முன்னால் வைத்தார். பிராவிடண்ட் ஃபண்ட் எவ்வளவு பிடிக்கிறார்கள், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்று விரலை வைத்துக் காட்டினார். அம்மாவின் பீடிக் கூலியைச் சேர்த்தார். அரிசி, பால், தம்பியின் படிப்பு, ஆச்சியின் மருந்து எல்லாவற்றையும் கழித்தார். அந்தக் காலத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஃப்ரீ சீட், பேமெண்ட் சீட் என்று இரண்டு உண்டு. இரண்டின் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். அதையும் விசாரித்து எழுதி வைத்திருந்தார். "இவ்வளவுதான் நம்மால முடியும்மா. மேல வேணும்னா கடன்தான். கடன் வாங்கலாம், தப்பில்ல. யாரு, எப்பம், எப்படிக் கட்டுததுன்னு இப்பமே பேசிக்கிடணும்" என்றார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. வீட்டின் முழுக் கணக்கும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. என்னை அவர் பெரிய மனுஷியாக நினைக்கிறார் என்ற பெருமைதான் எனக்கு அன்றைக்கு வந்தது. பிள்ளைக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்று கணக்கை மறைத்து, கடைசியில் சேர்க்கை நாளன்று பணம் புரளாமல் வாசலிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு வங்கியில் ஏழரை லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கல்விக்கடன் கிடைக்கிறது. பெற்றோரும் அதில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிற தாளை இரண்டு பேரும் சேர்ந்து ஒருதரம் வாசிக்க வேண்டும். வட்டி எப்போது ஓடத் தொடங்குகிறது, படிப்பு முடிந்து எத்தனை மாதத்தில் தவணை தொடங்குகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டப்போவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

கோயில் கொடைக்காக எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு உள்ளூர் விடுமுறை விட்ட ஒருநாள், அப்பா என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். திருநெல்வேலியில் கல்லூரிகள் நடந்துகொண்டிருந்தன. வழக்கமாக அந்த வண்டியில் வரும் இரண்டாம் ஆண்டு கணித மாணவி ஒருவரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். ராணி அண்ணா கல்லூரி நிறுத்தத்தில் என்னை அந்த அக்காவோடு இறக்கிவிட்டு, "வெறும் கட்டடத்தப் பாத்துட்டு வராத. கிளாஸ் நடக்குதத பாரு. மத்தியானம் திரும்புத டிரிப்புல ஏறிக்கோ" என்று விசில் அடித்துப் போய்விட்டார்.

அந்த அக்கா ஒரு பேராசிரியையிடம் அனுமதி கேட்டு என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். பகா எண்களுக்கு முடிவு உண்டா என்பதுதான் அன்றைய பாடம். முடிவு உண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று பேராசிரியை ஆரம்பித்தார். உள்ள பகா எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததோடு ஒன்றைக் கூட்டுங்கள். இந்தப் புது எண்ணை உங்கள் பட்டியலில் இருக்கிற எந்தப் பகா எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அப்படியானால் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று இருந்தே தீர வேண்டும். யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார் என்றார். பேசியது பாதிக்கு மேல் ஆங்கிலம். ஆனாலும் கரும்பலகையில் இருந்த நான்கைந்து வரிகள் எனக்கு விளங்கின. அதுவரை கணக்கு என்றால் மாதிரிக் கணக்கைப் பார்த்து அதேபோல் போடுவது என்றுதான் எனக்குத் தெரியும். முடிவே இல்லாத ஒன்றைப் பற்றி நான்கு வரியில் சந்தேகமில்லாமல் சொல்லிவிட முடியும் என்பதை அந்தக் கடைசி பெஞ்சில்தான் பார்த்தேன். மத்தியானம் பஸ் ஏறியபோது என் முகத்தைப் பார்த்தே அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை.

அது 1999. கம்ப்யூட்டர் என்ற சொல்லே எல்லோர் வாயிலும். என் தாய்மாமா வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்தால் சீக்கிரம் வேலை, பெண்பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "படிக்கப் போறது அவ. அவகிட்டயே கேளுங்க மச்சான்" என்றார். மாமா என் பக்கம் திரும்பினார். நான் என்ன உளறினேனோ, பகா எண்களைப் பற்றித்தான் ஏதோ சொன்னேன். மாமாவுக்குத் திருப்தி இல்லை. அம்மா அவருக்கு இன்னொரு காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

தொழிற்கல்விக்கு அப்போது நுழைவுத்தேர்வு இருந்தது. 1984-இல் வந்தது, 2006-இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, நுழைவுத்தேர்வுக்கு நூறு என்று முந்நூறுக்குக் கட்-ஆஃப். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் 1997-இல்தான் தொடங்கியிருந்தது. நானும் தேர்வு எழுதினேன். கவுன்சிலிங் கடிதமும் வந்தது. என் தரவரிசைக்கு எங்கோ தூரத்துக் கல்லூரியில் பேமெண்ட் சீட்தான் கிடைத்திருக்கும். அப்பா, "சென்னைக்குப் போவணும்னா சொல்லு, லீவு போடுதேன்" என்றார். கணிதம் போதும் என்றேன். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. டைரியை எடுத்து, கணிதப் படிப்பைப் பற்றிப் பிள்ளைகள் சொன்ன குறைகளையெல்லாம் என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். மூன்று வருஷத்தோடு நின்றால் வேலை கிடைப்பது கஷ்டம், பி.எட். வரை போக வேண்டும், ஆங்கிலம் இழுக்கும். வாசித்து முடித்ததும், "இப்பவும் அதேதானா?" என்றார். அதேதான் என்றேன். மறுநாள் விண்ணப்பம் வாங்கி வந்தார்.

கோடை விடுமுறையில் வேறு படிப்பு நடந்தது. திருநெல்வேலிக்குத் தனியாகப் போய்வரச் சொன்னார், அதுவும் அவர் டூட்டி இல்லாத வண்டியில். வங்கியில் சலான் நிரப்பவும் டிமாண்ட் டிராஃப்ட் எடுக்கவும் என்னையே அனுப்பினார். கவுண்டரில் இருப்பவர் எரிந்து விழுந்தால் அழாமல், என்ன வேண்டும் என்பதை இன்னொருதரம் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றார். இருபது வருஷம் பஸ்ஸில் எத்தனையோ வசவு வாங்கிய மனிதர் சொன்ன பாடம் அது. அந்தக் கணித அக்கா தன் முதலாம் ஆண்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு யோசனையும். ஜூன் மாதத்துக்குள் கணக்குச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பத்தியாக எழுதிப் பழகிவிடு. அணி என்றால் மேட்ரிக்ஸ், சார்பு என்றால் ஃபங்ஷன், தொகையிடல் என்றால் இன்டக்ரேஷன். நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறைந்தது. ஆங்கிலத்தைக் கண்டு பயந்து முதல் பருவத்திலேயே நின்றுபோன பெண்கள் என் வகுப்பில் உண்டு. நான் நிற்காததற்கு அந்த நோட்டும் ஒரு காரணம். இன்றைக்கும் என் தமிழ் வழி மாணவர்களை ஏப்ரல் மாதம் இந்த நோட்டைப் போட வைக்கிறேன். பெற்றோர் செய்ய வேண்டியது ஒரு நோட்டு வாங்கிக் கொடுப்பதும், எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறாய் என்று கேட்பதும்தான்.

கணிதம் முடித்து, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்து, பி.எட். முடித்து, முதுகலை ஆசிரியராகி, இப்போது தென்காசி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் பெற்றோர் அலைந்த அலைச்சலில் பாதி இன்றைக்கு இல்லை. சான்றிதழுக்கு இ-சேவை மையம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில் நடக்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் ஒற்றைச் சாளரத்தில் சேரும் பிள்ளைக்கு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இடங்கள் இருக்கின்றன. பெண்பிள்ளைகளுக்கு 2022-இல் புதுமைப்பெண் திட்டம் வந்தது, மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் கணக்குக்கே போகிறது. இரண்டு ஆண்டு கழித்துப் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இவ்வளவும் இருந்தும், தேவையான தாள் ஒன்று கையில் இல்லாமல் போன பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். ஓ.டி.பி. வருகிற போன் அப்பாவோடு கேரளாவில். சட்டம் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்கு, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது என்பது மே மாதத்தில்தான் தெரிந்தது. இதெல்லாம் பாடம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலையே கிடையாது. கேட்டு வைக்கவும் நாளைக் குறித்து வைக்கவும் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆடு மேய்க்கிற ஒருவர், மகன் புள்ளியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் நேராகப் பள்ளிக்கு வந்தார். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அவன் என்ன கேக்கான்னு எனக்கு வெளங்கல டீச்சர். வேண்டாம்னு சொல்ல வரல. எனக்கு வெளங்குத மாதிரி நீங்க ஒருக்கச் சொல்லுங்க" என்றார். உங்க கிடையில எத்தனை குட்டி பிழைக்கும், எந்த மாசத்துல சீக்கு வரும்னு நீங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருப்பீங்களே, அந்தக் கணக்கை நாடு முழுக்கப் போடுகிற படிப்பு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எல்லா ஆட்டையும் எண்ண முடியாதே, கொஞ்சத்த வச்சுத்தான மத்தத சொல்ல முடியும்?" என்றார். மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படையே அதுதான். அதைக் கேட்டு மகன் நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அவன் இப்போது முதுகலை படிக்கிறான். அதே ஆண்டில் இன்னொரு வீட்டில், நன்றாகப் படித்த அப்பா ஒருவர் மகனின் கலந்தாய்வு விருப்பப் பட்டியலை ராத்திரியோடு ராத்திரியாகத் தானே நிரப்பிப் பூட்டிவிட்டார். பையன் கேட்டது கட்டடக்கலை சார்ந்த படிப்பு, கிடைத்தது வேறு. முதலாண்டு முடியும் முன்னே அவன் திரும்பி வந்துவிட்டான். அந்த அப்பாவுக்கு மகன் மேல் அன்பு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டார்.

இந்த ஆண்டு என் மகள் பிளஸ் டூ. அவளுக்கு வேளாண்மை படிக்க வேண்டும். என் கணவருக்குப் பொறியியல்தான் சரி என்று படுகிறது. போன மாதம் ஒரு வேலைநாளில் லீவு எடுத்துக்கொண்டு, வல்லநாடு பக்கத்தில் கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். எங்களூரிலிருந்து அங்கே போய்ப் படிக்கிற இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தியிடம் பேசி வைத்திருந்தேன். நான் வாசலோரம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் இருவரையும் உள்ளே அனுப்பினேன்.

திரும்பி வந்ததும் மகள் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விடிந்ததும் வயலில் இறங்க வேண்டும், சேற்றில் நின்று நாற்று நட வேண்டும், கடைசி வருஷம் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும், பூச்சிகளைப் பிடித்துப் பெட்டியில் குத்தி வைக்க வேண்டும். அவளுக்குப் பூச்சி என்றால் அருவருப்பு. அதையும் சொன்னாள். அவர் வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டார். விதை நிறுவனங்கள், வங்கிகளில் வேளாண் அதிகாரி வேலை, அரசு வேளாண்மைத் துறை என்று அந்தப் பெண் சொன்னதைச் சொன்னாள். படிப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் அந்த வேலைகளில் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அது அவளுக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்லுதேன்ப்பா" என்று போனை எடுத்தாள். விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. அவளுடைய சாதிச் சான்றிதழும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் பீரோவில் மேல்தட்டில் இருக்கின்றன. இருப்பிடச் சான்றிதழுக்குத் திங்கட்கிழமை இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும்.